மதுரைச் சீமைக்கு வந்த வேதம்

நான் பையனாக இருந்தபோது எழுமலைக் கடைத்தெருவில் ஒரு தங்கவேலை ஆசாரியின் பட்டறை இருந்தது. கும்மட்டியில் கரி கனன்றுகொண்டே இருக்கும். தாலி செய்யச் சொல்லி யார் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “நீங்க எந்த ஆளுக?” தாலி ஆளுக்கு ஆள் வேறு என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருநாள் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்து, “நாங்க வேதக்காரங்கய்யா” என்றார். சிலுவை அச்சை எடுக்கப் போவார் என்று பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. “அது சரிங்கய்யா, வேதத்துல எந்த ஆளுக?” என்றார். பெரியவரும் தயங்காமல் சொன்னார். அந்த ஆளுகளுக்கு உரிய வடிவத்தில் தாலியை அடித்து, நடுவில் சிலுவையைப் பொறித்துக் கொடுத்தார் ஆசாரி.

பல வருடங்கள் கழித்து, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ட்ரெண்ட்கோர்டன் என்ற இடத்தில் கிடைத்த ஒரு மாக்கல் அச்சின் படத்தைப் பார்த்தபோது அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. 10ஆம் நூற்றாண்டு அச்சு அது. இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சிலுவைக்கும் குழி, இடிக்கடவுள் தோரின் சுத்தியலுக்கும் குழி. கேட்டவருக்குக் கேட்டதை வார்த்துக் கொடுத்திருக்கிறார் அந்த ஊர்க் கொல்லர். அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்தச் சாமி? எங்கள் ஊர் ஆசாரி சாமியைத் தெரிந்துகொண்ட பிறகும் இன்னொரு கேள்வி கேட்டார். வடதேசத்து மக்கள் கிறிஸ்தவர்களான கதையையும் மதுரைச் சீமைக்கு வேதம் வந்த கதையையும் அடுத்தடுத்து வைத்து நான் எடைபோடப் பார்ப்பது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். அது ஏன் இங்கே பிழைத்தது? பிழைத்ததற்கு யார் பொறுப்பு?

முதலில் வடக்கு. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து ஆகிய நாடுகள் மனம் மாறியது ஒரு நாளில் நடந்ததல்ல. அன்ஸ்கர் என்ற துறவி 829 வாக்கிலேயே ஸ்வீடனின் பிர்கா வணிக நகரத்துக்குப் போயிருக்கிறார். அவர் பெயர் நிலைத்தது. அவர் கட்டிய சபை நிலைக்கவில்லை. ஏறக்குறைய 965இல் டென்மார்க் அரசன் ஹரால்ட் புளூடூத் ஞானஸ்நானம் பெற்றான். யெல்லிங் என்ற ஊரில் பெரிய கல் நாட்டி, டேனியரைக் கிறிஸ்தவர் ஆக்கியவன் தானே என்று பொறித்துவைத்தான். நார்வேயில் ஓலாவ் ட்ரிக்வசன் 995 முதல் 1000 வரை ஆண்ட ஐந்தே ஆண்டுகளில் வாளும் ஞானஸ்நானமுமாக ஊர் ஊராகப் போனான் என்று சாகா என்ற வடதேசத்துப் பழங்கதைகள் சொல்கின்றன. அந்தச் சாகாக்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, கிறிஸ்தவர்களாகவே பிறந்தவர்கள் எழுதியவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெயித்தவன் வீட்டுக் கணக்கு அது.

இவற்றில் ஐஸ்லாந்தின் கதை தனி. அங்கே அரசன் கிடையாது. ஆண்டுதோறும் கோடையில் கூடும் அல்திங் என்ற பேரவைதான் சட்டம் சொல்லும். கோதி என்று அழைக்கப்பட்ட தலைவர்களே நியாயமும் தீர்ப்பார்கள், பலியும் கொடுப்பார்கள். 1000ஆம் ஆண்டை ஒட்டி அந்தப் பேரவை இரண்டாகப் பிளந்தது. கிறிஸ்தவர் ஒருபக்கம், பழைய சாமிகளைக் கும்பிட்டவர்கள் மறுபக்கம். நார்வேயில் ஐஸ்லாந்துக்காரர்களைப் பிணையாகப் பிடித்துவைத்திருந்தான் ஓலாவ். கத்தி உருவப்படும் நிலை. அப்போது இரு தரப்பும் சேர்ந்து முடிவை ஒரே மனிதரிடம் விட்டன. சட்டம் சொல்லும் பொறுப்பில் இருந்த தோர்கெய்ர் அவர். பழைய சாமிகளைக் கும்பிட்டவர்தான். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் படுத்துக் கிடந்தார். எழுந்து வந்து, சட்டத்தைக் கிழித்தால் சமாதானமும் கிழிந்துபோகும் என்று விளக்கி, எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். சுமார் 120 ஆண்டுகளுக்குப் பின் ஆரி தோர்கில்சன் என்ற பாதிரியார் இதை எழுதிவைத்தார். குளிர்ந்த தண்ணீரில் முங்க மனமில்லாமல் பலர் வெந்நீர் ஊற்றுகளில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற செய்தியும் அவர்கள் மரபில் இருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர்களின் உடம்பு அதில் தெரிகிறது.

இந்தத் தீர்ப்பில் என் வழக்குக்கு வேண்டியது அதன் விலக்குகள். குதிரைக்கறி தின்னலாம். வேண்டாத சிசுவை வெளியே போட்டுவிடும் பழைய வழக்கம் தொடரலாம். வீட்டுக்குள் மறைவாகப் பலி கொடுக்கலாம். சாட்சியோடு பிடிபட்டால் நாடுகடத்தல். கேட்கவே மனம் பதறுகிற விலக்கு நடுவில் இருக்கிறது. ஆனால் ஆரி அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்: சில ஆண்டுகளில் இந்த விலக்குகளும் ரத்தாயின. ஆரம்பத்திலிருந்தே அவை விலக்குகளாகத்தான் எழுதப்பட்டன. சிசுவை வெளியே போடுவது வேதத்துக்கு விரோதமில்லை என்று அல்திங்கில் யாரும் வாதாடவில்லை. இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம்.

வடதேசத்து அரசர்களுக்குத் திருச்சபை தேவைப்பட்டது. எழுத்துத் தெரிந்த ஆட்கள், வரி தண்டும் ஏற்பாடு, எழுதப்பட்ட சட்டம், தெற்கே இருந்த பெரிய அரசுகளோடு சமமாக உட்காரும் தகுதி எல்லாம் ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்தன. மதுரை நாயக்கர்களுக்கு அவற்றில் எது குறை? எழுத்தும் கணக்கும் இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்தன. அரசனுக்குத் தெய்வ அங்கீகாரம் தர மீனாட்சி கோயில் இருந்தது. அதனால் இந்தச் சீமையில் அரசன் வழியாக வேதம் வரவே வழியில்லை. வர இருந்த ஒரே இடத்திலும் கதை ரத்தத்தில் முடிந்தது. மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற தலைவர் வேதத்தில் சேர்ந்து, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் தலை 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் வெட்டப்பட்டது. எழுமலையிலிருந்து மதுரைக்குப் போகும்போது உசிலம்பட்டி தாண்டிக் கருமாத்தூரில் அவர் பெயரில் 1970இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படித்தவர்கள்.

அல்திங்குக்கு இணையான ஒன்று எங்கள் பக்கத்தில் இல்லாமல் இல்லை. எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று சொல்லும் பிறமலைக்கள்ளர் நாட்டமைப்பு அது. தலைமைக்காரர்கள் கூடி நியாயம் சொல்வார்கள். கோயில் மரியாதையும் அவர்களுக்கே. கோதிகள் வேலையும் இதுதானே. பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பக்கம் தங்கி ஆராய்ந்து எழுதிய பெரிய நூலுக்கு இந்தச் சமூகம்தான் பொருள். இப்படி ஒரு நாட்டுக்கூட்டம் கூடி, மொத்தமாக வேதத்துக்குப் போவோம் என்று முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய வற்புறுத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதுகூட, அந்தச் சமூகம் பாதிரிமார் பக்கம் மொத்தமாகச் சாயவில்லை. குலதெய்வக் கோயிலில் பெட்டி எடுக்கும் உரிமையும் நாட்டாமையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. ஒன்றை விட்டால் மற்றதும் போகும்.

மொத்தமாகப் போனவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1530களின் நடுவில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்ச்சுகீசியர் கப்பல்களின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பதிலுக்கு ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் 1542இல் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே வேதக்காரர்கள்; வேதம் என்ன சொல்கிறது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஐஸ்லாந்துக்கு மிக நெருங்கிய தமிழ்க் கதை இதுதான். சமூகமே கூடி எடுத்த முடிவு, வெளியிலிருந்து நெருக்கடி, பிறகுதான் போதனை. ஆனால் ஐஸ்லாந்தில் மாறியது ஒரு நாட்டின் சட்டம். இங்கே மாறியது ஒரு சாதியின் கோயில். சாதித்தலைவனும் சாதிக்கட்டும் அப்படியே இருந்தன. எனவே தமிழ்த் திருச்சபைக்குள் சாதியைக் கொண்டுவந்தவர் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் நொபிலிதான் என்று பேசுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது உள்ளே வந்துவிட்டது.

பிறகு நொபிலி மீது வழக்கு எதற்கு?

ரொபர்டோ தெ நொபிலி 1577இல் இத்தாலியில் பெருங்குடியில் பிறந்தவர். 1605இல் கோவா வந்து, 1606 நவம்பரில் மதுரை சேர்ந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் 1595 முதல் இருந்தார். வியாபாரத்துக்கு வந்துபோன பரவர்களையும் போர்ச்சுகீசியரையும் கவனித்துக்கொண்டு, ஒரு கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திவந்தார். பதினோரு ஆண்டுகளில் மதுரைக்காரர் ஒருவரும் வேதத்தில் சேரவில்லை. காரணத்தை நொபிலி சீக்கிரமே பிடித்துவிட்டார். சேர வந்தவனிடம், பறங்கிக் குலத்தில் புகச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. மாட்டுக்கறி, மது, தோல் செருப்பு, குளிக்காத உடம்பு ஆகியவற்றோடு சேர்த்து ‘பறங்கி’ என்று ஊர் சொன்ன சொல்லையே, தெரியாமல், வேதத்தின் பெயராக வைத்துவிட்டார்கள்.

நொபிலி காவி உடுத்தினார். ஒருவேளைச் சோறும் காய்கறியும் போதும் என்று இருந்தார். தான் பறங்கி அல்ல, ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி என்று ஓலையில் எழுதி வீட்டு வாசலில் வைத்தார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்று, ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ என்று தமிழ் உரைநடையில் எழுதிக் குவித்தார். தத்துவத்தை உரைநடையில் வாதிடும் தமிழ் இன்னும் பழகாத காலம் அது. சர்வேசுரன், வேதம், பூசை, கோவில் போன்ற சொற்களில் சிலவற்றை அவர் ஆக்கினார், சிலவற்றை எடுத்து நிலைநிறுத்தினார். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை இன்றும் ‘வேதக்காரர்’ என்றும் அவர்கள் ஆலயத்தை ‘வேதக்கோயில்’ என்றும் சொல்வதற்குப் பின்னால் அந்த முயற்சி இருக்கிறது. இந்தப் பகுதியில் அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மாறாக நன்றிதான். ஒரு மொழிக்குள் வருகிறவன் அந்த மொழியின் உள்வீட்டுச் சொற்களைக் கேட்டு வாங்க வேண்டும்; அவர் வாங்கினார். அது ஏமாற்று என்று சொல்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். காவி ஏமாற்று என்றால், 20 நாள் உட்கார்ந்து வாதிட்ட பிறகு ஒரு பள்ளி ஆசிரியர் அவருடைய முதல் சீடரானாரே, அந்த மனிதரின் அறிவை எங்கே வைப்பது? மதுரைக்காரர்கள் துணியைப் பார்த்து ஏமாந்தார்கள் என்பது மதுரைக்காரர்களைக் குறைத்து மதிப்பதுதான்.

வழக்கு தொடங்குவது சிவதர்மரிடம். 1609இல் அவர் வேதத்தில் சேர்ந்தார். பூணூலையும் குடுமியையும் கழற்றவில்லை. நொபிலி கழற்றச் சொல்லவும் இல்லை. பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி தம் சீடர்களைப் பரவர்கள் வரும் கோயிலுக்கு அனுப்புவதில்லை. தாமே தனிக் கோயில் கட்டிக்கொண்டார். இரண்டு பாதிரியார்கள், ஒரே ஏசுசபையைச் சேர்ந்தவர்கள், ஒரே ஊரில் இரண்டு கோயில். 1619இல் கோவாவில் பெரிய கூட்டம் கூட்டி விசாரித்தார்கள், கோவாப் பேராயரே எதிர்த்தார். வழக்கு ரோமுக்குப் போனது. நொபிலி லத்தீனில் எழுதிய எதிர்வாதங்கள் மிகத் திறமையானவை. தரும சாஸ்திரங்களையே மேற்கோள் காட்டி, பூணூல் குலத்தையும் கல்வியையும் காட்டும் அடையாளமே தவிர சமய அடையாளம் அல்ல என்றார். சந்தனம் அலங்காரம், நீராட்டு சுத்தம் என்றார். சாதி என்பது ஐரோப்பாவில் பிரபுவுக்கும் குடியானவனுக்கும் உள்ள வேறுபாடு போன்ற உலக நடைமுறை என்றார்.

1623 ஜனவரி 31ஆம் தேதி போப் பதினைந்தாம் கிரகோரி ஆணையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு எல்லாவற்றுக்கும், சமயப் பொருள் நீக்கப்பட்டால், அனுமதி. அதே ஆணையின் இறுதியில் இன்னொன்றும் இருக்கிறது. உயர்குலத்தார் எளியவர்களை இகழாமல், தேவவசனம் கேட்கவும் தேவதிரவிய அனுமானங்களைப் பெறவும் தனிக் கோயில் தேடாமல் இருக்க வேண்டும் என்ற மன்றாட்டு. கவனித்துப் படிக்க வேண்டிய இடம். பூணூலுக்குக் கிடைத்தது அனுமதி ஆணை. சேர்ந்து உட்காருவதற்குக் கிடைத்தது வேண்டுகோள்.

என் தீர்ப்பின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. ஐஸ்லாந்தின் சட்டம் சிசுவை வெளியே போடுவதைப் பொறுத்துக்கொண்டது, அதை நியாயப்படுத்தவில்லை. அதனால் நேரம் வந்ததும் யாரோடும் வாதாடாமல் ரத்து செய்ய முடிந்தது. நொபிலி சாதியை வெறுமனே பொறுத்துக்கொள்ளவில்லை. அதில் பாவமே இல்லை என்று நிறுவினார். நிறுவிய பிறகு அதை ரத்து செய்ய ஒரு காரணமும் மிஞ்சவில்லை. குற்றம் என்றால் மன்னிக்கலாம், திருத்தலாம். உலக நடைமுறை என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் அதைத் திருத்தச் சொல்கிறவன்தான் வரம்பு மீறியவன் ஆவான்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எளிதாகத் தள்ளிவிட முடியாதவை அவை.

நொபிலிக்கு வேறு வழி இல்லை என்பது முதல் வாதம். அரசன் பக்கபலம் இல்லை, கப்பல் இல்லை, அல்திங் இல்லை. 1640இல் மதுரையில் அவரே சிறையில் அடைக்கப்பட்டார். இப்படிப்பட்ட மனிதனிடம் சாதியை ஒழி என்று கேட்பது நியாயமா? நியாயமில்லைதான். ஆனால் நான் கேட்பது அதை அல்ல. ஒழிக்க முடியாததை ஒழிக்கவில்லை என்பதற்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். முடியாததை ‘குறையே இல்லை’ என்று எழுதிக்கொடுத்ததற்குத்தான் சொல்கிறேன். தோர்கெய்ர் கையிலும் படை இல்லை. இருந்தது ஒரு போர்வையும் ஒரு சொல்லும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. வடதேசத்துத் திருச்சபை மட்டும் சமத்துவத்தைக் கொண்டுவந்ததா? இல்லை. நார்வேயின் பழைய சட்டங்களில் கல்லறைத் தோட்டத்தின் இடங்களே தகுதிப்படி பிரிக்கப்பட்டிருந்தன. பெரியவர்கள் கோயில் சுவரை ஒட்டி. விடுதலை பெற்ற அடிமைகள் தள்ளி. அடிமைகள் வெளிமதில் ஓரத்தில். ஸ்வீடனில் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர் அடிமையாக இருக்கக் கூடாது என்று மன்னர் மாக்னுஸ் எரிக்சன் ஆணையிட்டது 1335இல், அதுவும் சில பகுதிகளுக்கு. ஹரால்ட் கல் நாட்டியதிலிருந்து ஏறக்குறைய 370 ஆண்டுகள்! நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் ஓடுகிற நடுச்சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்த நார்வேச் சட்டம் புதிதாக இருக்காது. எனவே வடக்கு உயர்ந்தது, தெற்கு தாழ்ந்தது என்ற தீர்ப்பை நான் எழுதவில்லை. அடிமைத்தனம் அங்கே மறைந்ததற்கு உழவிலும் குத்தகையிலும் வந்த மாற்றமும் பெரிய காரணம். ஆனால் 1335 ஆணையின் சொற்களை யோசியுங்கள். ‘கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர்.’ ஞானஸ்நானத்தையே காரணமாகக் காட்டி ஒரு கட்டை அவிழ்க்க முடிந்தது. அடிமைத்தனத்தில் குறையில்லை என்று முன்பே தீர்த்து எழுதியிருந்தால் இந்த வாசகம் அங்கே எழுதப்பட்டிருக்காது.

மூன்றாவது வாதம், நொபிலி தமக்குப் பின்னால் நடந்ததற்குப் பொறுப்பாக மாட்டார் என்பது. அவர் காலத்திலேயே, 1640 வாக்கில், பால்தசார் தா கோஸ்தா போன்றவர்கள் பண்டாரசாமிகள் என்ற பெயரில் எளிய சாதியாரிடம் போனார்கள். இரு தரப்பாரையும் தொட ஒரு பாலம் அது என்று அதைப் பாராட்டுவோர் உண்டு. எனக்கு அது பாலமாகத் தெரியவில்லை. சந்நியாசிப் பாதிரியார் ஒருவகை, பண்டாரசாமி இன்னொருவகை என்று குருமாரையே சாதிக்கணக்கில் பிரித்த ஏற்பாடு அது. 1704இல் போப்பின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் தடை ஆணை போட்டார். பிள்ளையார் பொறித்த தாலி கூடாது, சிலுவை பொறித்தது போதும் என்பதும் அதில் ஒன்று. எங்கள் ஊர் ஆசாரியின் அச்சுக்கு முன்னூறு ஆண்டுக் கதை இருக்கிறது என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட், நோயுற்ற பறையர் வீடுகளுக்குள் குருமார் போயே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏசுசபையின் ஏற்பாடு என்ன தெரியுமா? பறையர்களுக்கென்றே தனிக் குருமார். தாலியிலிருந்து பிள்ளையாரை எடுக்க ரோமுக்கு முடிந்தது. தாலியின் வடிவத்திலிருந்து சாதியை எடுக்க முடியவில்லை. 1623இல் கொடுத்த சான்றிதழ் அதற்குள் நூறு வருடம் வேர்விட்டிருந்தது.

வேதத்தில் சேர்ந்தவர்கள் வாய்ச்சொல் நமக்குக் கிடைக்கவில்லை என்று வடதேசத்து ஆய்வாளர்கள் வருந்துவார்கள். நமக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அது இனிப்பானதாக இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1820களில், புதிதாக வந்த மிஷனரிகள் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரச் சொன்னபோது கொதித்தெழுந்து எழுதினார். பெரும்புலவர், உருக்கமான பாடல்கள் செய்தவர். அவர் இருந்தது லுத்தரன் சபை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு வழிவந்தது. யெல்லிங் கல்லின் நாட்டிலிருந்து வந்த சபை, நொபிலியின் பெயரைச் சொல்லாமலே நொபிலியின் வாதத்தில் வந்து நின்றது. எனவே பழியை முழுவதும் நொபிலி தலையில் கட்டுவது தவறு. ஊர் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். கேட்டவர்களில் ஒரு சாரார் குரல் மட்டும் ரோமாபுரி வரை எட்டியது. பந்திக்கு வெளியே நின்றவர்கள் எழுதிய ஓலை எதுவும் 1619 கூட்டத்தின் முன் வைக்கப்படவில்லை.

வேறு மாதிரியாகச் செய்து பார்த்தவர்களும் இந்தச் சீமையில் இருந்தார்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. திருமங்கலத்தில் 1842இல் ஆரம்பித்த செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. 1840களின் பிற்பாதியில் அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். உபதேசியார்களும் சபையாரும் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்தவர்கள் நீக்கப்பட்டார்கள். பலர் நீக்கப்பட்டார்கள், சபை ஒரேயடியாகச் சுருங்கியது. வலுக்கட்டாயமாகச் சோறு ஊட்டுவதில் ஒரு அதிகாரம் இருக்கிறது; வெள்ளைக்காரன் பரிமாறுகிற பந்தி என்பதும் உண்மை. அந்த முறையை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் இலையில் விழுந்த அந்தச் சோறு மதுரைச் சீமையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது. அதன் பிறகு அந்தச் சபையில் சாதி பார்த்தவர்கள் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்தின் மறைவுப் பலி மாதிரி. மறைக்க வேண்டி வருவதே பாதிச் சாவு.

கத்தோலிக்கர் பக்கம் அந்தக் கேள்வி தாமதமாக வந்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய பெரிய கோயில், வெள்ளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை என்று பீடத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரே பூசை, ஒருவரை ஒருவர் பார்க்காமல் கும்பிடலாம். கட்டடத்தையே சாதிக்குத் தகுந்தபடி வார்த்துக் கொடுத்திருந்தார்கள். 1910இல் கோசானல் சாமியார் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. எங்கள் முன்னோர் மரபு, எங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட உரிமை என்பதே அவர்கள் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1623இல் ரோம் மன்றாடிக் கேட்டது, ஏறக்குறைய முன்னூறு ஆண்டு கழித்து ஒரு வெள்ளைக்கார அரசின் நீதிமன்றத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மொழியிலும் உடையிலும் உணவிலும் நொபிலி செய்தது சரி; வடதேசத்துக்குப் போன மிஷனரிகள் பலரைவிட மரியாதையான வழி அது. கட்டாயமோ கையூட்டோ அதில் இல்லை. சாதியில் அவர் செய்தது தவறு. அதைத் தொடங்கியவர் அவர் அல்ல. ஆனால் அதற்குத் தத்துவம் எழுதியவர் அவர். அவருடைய அறிவுக்கும் தவத்துக்கும் முன்னால் கைகூப்பிக்கொண்டே இதைச் சொல்கிறேன். சாதாரண மனிதர் செய்த தவறாக இருந்திருந்தால் முப்பது வருடத்தில் மறைந்திருக்கும். மாபெரும் அறிஞர் ஒருவர் வாதிட்டு வென்ற தவறு என்பதால்தான் அது இவ்வளவு காலம் நின்றது.

இந்தத் தீர்ப்பில் வேதக்காரர்களைத் தனியாகக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. எழுமலைக்குப் பக்கத்தில்தான் உத்தப்புரம். 1989 கலவரத்துக்குப் பின் அங்கே எழுந்த சுவரின் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை திறந்தது 2008 மே 6ஆம் தேதி. சுவரின் இரு பக்கமும் இருந்தவர்கள் கும்பிட்டது ஒரே முத்தாலம்மனை. வடக்கன்குளத்துத் தடுப்பு விழுந்து 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் இறையூரில், ஒரே மாதாவைக் கும்பிட்ட இரு சாதியாருக்கு இடையே மோதல் வெடித்துப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

உத்தப்புரத்தில் இடித்த இடத்தை நான் போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி. இரு பக்கமும் சுவர் தொடர்ந்து நின்றது. ஒரு சிறு பெண்குழந்தை தூக்குவாளியோடு அந்த இடைவெளி வழியாக வந்தாள். பாதி தூரத்தில் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு ஓடிப்போனாள்.